அண்டாவில் வெட்டிய பெயர்

அஸ்ரப் நிஷாவுக்குப் பயம் புதிதல்ல. தியாகதுருகத்தில் பிறந்த நாளிலிருந்து அவளோடு சேர்ந்து அதுவும் வளர்ந்தது. பஸ் வேகமாகப் போனால் பயம். வானம் இருட்டினால் பயம். காக்கிச் சட்டைக்காரர் யாராவது தெருவில் வந்தால், அவர் தபால்காரராகவே இருந்தாலும், கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் இடுக்கு வழியாகத்தான் பார்ப்பாள். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருந்த ஜாபருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அது குறையவில்லை.

"உன்னக் கட்டிக்கினதுக்கு நான் பூட்டுக் கடை வச்சிருக்கணும். பாதி சரக்கு வூட்டுக்கே செலவாயிருக்கும்" என்று ஜாபர் கேலி செய்வார். அவள் சிரித்துக்கொண்டே போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வருவாள்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு போலீஸ்காரர் வந்து அவள் மகளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்த நெஞ்சு என்ன பாடுபடும்!

அன்று வெள்ளிக்கிழமை. ஜாபர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் அவள் மட்டும் இருந்தாள். ஏட்டு சரத்குமார் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிழலுக்கு ஒதுங்கினார். பழகிய முகம்தான். பிள்ளைகளுக்குச் செருப்பு எடுக்க இந்தக் கடைக்குத்தான் வருவார்.

"பாய் இல்லீங்களா?"

"தொழுவப் போயிருக்காரு சார்."

"ஒண்ணுமில்லம்மா. ஃபரீன்னு ஒரு பொண்ணு. பேரு உங்க ஆளுங்க பேராட்டம் இருக்குது. யாருன்னு தெரியுமா?"

நிஷாவின் கையிலிருந்த செருப்பு ஜோடி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"எதுக்கு சார்?"

"மைதானத்துல ஒரு கூட்டம் உக்காந்துகினு இருக்குதே, அதுக்கு அவதான் தலைவியாம். நாளைக்குள்ள ஆளு யாருன்னு சொல்லணும்னு மேலருந்து நெருக்கிக்கினு இருக்காங்க. படிக்கிற பொண்ணுன்னு பேசிக்கிறாங்க. கேஸ்ல பேரு ஏறிடுச்சுன்னா அப்புறம் எங்கருந்து படிக்கிறது, எங்கருந்து வேலைக்குப் போறது? பாவம்."

"தெரியாது சார். அந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாது."

தலை நரைக்கிற வயதில் ஒரு தாய் சொன்ன பொய் அது. ஃபரீன் என்று ஆசையாசையாகப் பெயர் வைத்தவளே அவள்தான். அந்தப் பெயரைத் தெரியாது என்று அதே வாய் சொன்னது. ஏட்டு தலையாட்டிவிட்டுப் போனார். பக்கத்துத் தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அவருக்கு ஃபரீனைத் தெரியும். அவள் பள்ளிச் சீருடையெல்லாம் தைத்தவர் அவர். தலையைக் குனிந்து மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். ஆனால் எத்தனை வாய் இப்படிச் சும்மா இருக்கும்?

எல்லாம் தை மாதத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் தொடங்கியது.

மண்டி முதலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வானத்திலிருந்து பூத் தூவ ஹெலிகாப்டர் வந்தது. சேலம் ரோட்டில், ஊர் தொடங்குகிற இடத்தில் இருக்கிற மைதானத்தில் அது இறங்கியது. அங்கேதான் வேலைக்குப் போகிற பெண்கள் கூலியாகக் கிடைத்த மக்காச்சோளத்தைக் காயப்போட்டிருந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், அடிவாரத்து ஊர்க்காரர்கள் என்று எல்லோருடைய சோளமும் அங்கே பொன்னாக விரிந்து கிடந்தது. ஹெலிகாப்டர் இறங்கிய காற்றில் அத்தனையும் பறந்தது. சாக்கடையிலும் முள்ளிலும் ரோட்டிலும் போய் விழுந்தது. மேலே இருந்து ரோஜாப்பூ கொட்டியது. கீழே சனங்கள் வாயைப் பிளந்து பார்த்துக் கைதட்டினார்கள்.

பெண்கள் சோளத்தைப் பொறுக்கவில்லை. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சிதறிக் கிடந்த சோளத்துக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்கால பஸ் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் அந்தக் கல்யாணப் பந்தலைப் பிரித்த கூலிக்காரர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்புறம் கொத்தனார்கள். அப்புறம் ஊரைப் பெருக்குகிறவர்கள். களமருதூர்ப் பக்கம் நெல் அறுக்கப் போன பெண்களும் களத்திலேயே உட்கார்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. உழைப்பவன் கூலி ஏறவே இல்லை, உட்கார்ந்து தின்பவன் வீட்டுக்கு வானத்திலிருந்து பூ வருகிறதே, இது என்ன நியாயம்? கேள்வி அவ்வளவுதான். கொடி இல்லை, மைக் இல்லை, தலைவர் இல்லை. அதிகாரிகள் வந்து, "உங்க தலைவர் யாரு, பேசணும்" என்றால் ஒருத்தர் இன்னொருத்தரைக் கைகாட்டுவார்கள்.

"தோ, அந்தக் கெழவி."

"நானா? நான் மூத்திரத்துக்குப் போவவே எழுந்திருக்க முடியாம கெடக்கறேன். அந்த எருமையைக் கேளு சாமி."

இருசம்மாளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்து ஊர்க்காரி. சந்தை நாளில் புளியும் சாமையும் கொண்டுவந்து விற்றுவிட்டு, பஸ் வரும்வரை நிஷா வீட்டுப் படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவது அவள் வழக்கம். ஃபரீன் பிறந்தபோது மலைத்தேன் கொண்டுவந்து நாக்கில் தடவியவள் அவள். இன்றைக்கும் ஃபரீனை அவள் "பாப்பா" என்றுதான் சொல்லுவாள்.

ஒருநாள் இருசம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"பாயம்மா, கஞ்சி காச்சப் பெரிய ஏனம் ஒண்ணு குடு. கொழந்தைங்க ஜாஸ்தி ஆயிப்போச்சு. சின்னச் சின்னக் குண்டான்ல காச்சி எந்தக் காலத்துல ஊத்தறது?"

"போலீசு வருவாங்களா இருசக்கா?"

"ஏனத்துக்கு இன்னா போலீசு?"

நிஷா யோசித்தாள். சமையலறையில் ஒரு பழைய அண்டா இருந்தது. ஆனால் அதில் பெயர் இல்லை. பெயர் வெட்டாத பாத்திரத்தை வெளியே கொடுத்தால் அது திரும்பி வராது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பரண்மேல் ஒரு புது அண்டா இருந்தது. ஃபரீன் எட்டாவது படிக்கும்போதே அவள் கல்யாணத்துக்கென்று வாங்கி, பழைய புடவையில் சுற்றிப் பத்திரமாக வைத்தது. பாத்திரக்கடையில் பக்கத்திலேயே நின்று, புள்ளிப் புள்ளியாக "ஜா. ஃபரீன்" என்று பெயர் வெட்டச் சொல்லி வாங்கியது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு ரோஜாப்பூவும் போடச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு ஆசையை மட்டும் அவள் பயம் தடுக்கவில்லை.

பெயர் இருக்கிறதே, தொலையாது என்று அந்த அண்டாவையே இறக்கிக் கொடுத்தாள். ஜாபரிடம் சொல்லவில்லை.

கூட்டத்தில் யாருடைய பெயரும் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த போலீசுக்கு, அந்த மைதானத்திலேயே எழுத்தில் கிடைத்த ஒரே பெயர் அதுதான். அண்டாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யாருடையது என்று கேட்டதற்கு இருசம்மாள், "மலைமேலருந்து உருண்டு வந்துச்சு சார்" என்றாளாம். அதற்குள் யாரோ அதைப் படம் எடுத்துப் போனில் அனுப்பிவிட்டார்கள். பெயர் மாவட்டம் முழுக்கப் பரவியது. வக்கீலுக்குப் படிக்கிற பெண்ணாம், ஸ்கூட்டரில் வருவாளாம், பேசினால் நெருப்புப் பறக்குமாம். பிறக்காத ஒரு வீராங்கனையை ஊரே கூடிப் பெற்று, அவளுக்கு நிஷாவின் மகள் பெயரை வைத்துவிட்டது.

ஏட்டு வந்துபோன அன்று சாயங்காலம் ஃபரீன் போன் செய்தாள். சேலத்தில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள்.

"அம்மா, அது நம்ம அண்டாதானே? ரோஜாப்பூ கூட இருக்குது. ஹாஸ்டல்ல எல்லாரும் என்னயே பாக்கறாங்கம்மா. வார்டன் கூப்பிட்டு, உனக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னேன். நாளைக்கு சாயங்கால ட்ரெயின்ல வூட்டுக்கு வர்றேன்."

"வராத! அங்கயே இரு!"

"இங்கதான்மா பயமா இருக்கு" என்றாள் மகள்.

நிஷா போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சின்னசேலம் ஸ்டேஷனில் மகள் இறங்குகிறாள், பெட்டியைக் கையில் வாங்கப் போலீஸ் நிற்கிறது. கண்ணை மூடினாலும் திறந்தாலும் அதுவே தெரிந்தது.

ஜாபர் வந்ததும் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"இன்னா காரியம் பண்ண நீ! எறும்பு கடிச்சா கூட என்னக் கேட்டுட்டு அழுவுறவ, இதுக்கு மட்டும் என்னக் கேக்கலியா?"

"பேரு இருக்குதே, திரும்பி வந்துடும்னு நெனச்சேன்."

"வந்துடுச்சு பாரு, நல்லா!" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். "விடு. ஊர்ல எத்தினியோ ஃபரீன் இருப்பாங்க. வாயத் தொறக்காத. தானா அடங்கிடும்."

அடங்கவில்லை. சனிக்கிழமை காலையில் இருசம்மாள் பின்பக்கமாக வந்தாள். அவள் முகத்திலும் இப்போது பயம் இருந்தது.

"பாயம்மா, ஏட்டு உங்க தெருவுல வூடு வூடா கேட்டுக்கினு வர்றாரு. இன்னொண்ணு சொல்றேன். எங்க ஆளுங்களுக்கும் புத்தி கெட்டுப் போச்சு. முன்னல்லாம் எது ஒண்ணுன்னாலும் நாங்களே சண்ட போட்டுப் பேசி முடிப்போம். இப்ப எதுக்கெடுத்தாலும் ஃபரீன் வரட்டும், ஃபரீன் வந்து சொல்லட்டும்ங்கறானுங்க. நான் வாயத் தொறந்தா பாப்பாவுக்கு ஆபத்து. தொறக்கலன்னா இவனுங்க பைத்தியமாயிடுவானுங்க. இன்னா செய்யட்டும்?"

நிஷா எழுந்தாள். துப்பட்டியை எடுத்துத் தலையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

"எங்க போற?" என்றார் ஜாபர்.

"போலீசு அவளத் தேடிக்கினு வர்றதுக்கு முன்னாடி நான் அவங்களத் தேடிக்கினு போறேன்."

வீட்டிலிருந்து மைதானம் தூரமில்லை. ஆனால் அன்றைக்கு அந்தத் தெரு முடியவே இல்லை அவளுக்கு. ஒவ்வொரு கடையைத் தாண்டும்போதும் திரும்பிவிடலாமா என்று நின்றாள். ஜாபர் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தார். மனைவியைத் தடுக்கவும் அவருக்கு மனமில்லை, கூட நடக்கவும் தைரியமில்லை.

மைதானத்தில் அவள் நினைத்ததைவிடக் கூட்டம் அதிகமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பின்மேல் சாய்ந்து நின்றிருந்தார்.

"கடைசியாச் சொல்றேன். ஃபரீன் எங்க இருக்கான்னு சொல்லிட்டா மத்தவங்க வூட்டுக்குப் போயிடலாம்."

"வருவா சார், வருவா!" என்று பொன்னுரங்கம் கத்தினான். கொத்தனார் வேலை செய்கிறவன். வாய் அதிகம். "நானே என் கண்ணால பாத்தேன். ஸ்கூட்டர்ல, கண்ணாடி போட்டுக்கினு!"

"ஃபரீன் வாழ்க!" என்றது ஒரு குரல். பல குரல்கள் அதைத் தொடர்ந்தன.

தன் குழந்தையின் பெயரை இத்தனை தொண்டைகள் கத்துவதை நிஷா கேட்டாள். பெருமையாக இருக்க வேண்டிய சத்தம், சங்கை நெரிப்பது போல இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நடுவில் நின்றாள். இருசம்மாள் அவள் முதுகில் கை வைத்தாள்.

"சார்... ஃபரீன்னு இங்க யாரும் கெடையாது."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"அது என் மவ பேரு. அந்த அண்டா அவ கல்யாணத்துக்கு நான் வாங்கி வச்சது. அவ சேலத்துல படிச்சுக்கினு இருக்கா. இந்தக் கூட்டத்த அவ கண்ணால கூடப் பாத்ததில்ல. கொழந்தைங்களுக்குக் கஞ்சி காச்சணும்னு கேட்டாங்க, நான் குடுத்தேன். பேரு வெட்டுன ஏனம், தொலையாம வந்துடும்னுதான் அதக் குடுத்தேன். தப்புன்னா என் தப்பு. எம்பேரு அஸ்ரப் நிஷா. என்னக் கூட்டிக்கினு போங்க. அவ பேர எடுத்துடுங்க சார்."

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்:

"ஏம்பா பொன்னுரங்கம், அப்ப ஸ்கூட்டர்ல வந்தது யாரு?"

"வெயில்ல சரியாத் தெரியலக்கா..."

"கண்ணாடி உனக்குத்தாண்டா போடணும்!"

கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. இத்தனை நாளாக ஒரு சமையல் பாத்திரத்தின் பெயரையா தேடிக்கொண்டிருந்தார் என்று ஊர் சிரித்தால் எந்த அதிகாரிக்குத்தான் கோபம் வராது? அந்தக் கோபம் யார்மேல் இறங்கும் என்று நிஷாவுக்குத் தெரியும்.

"சிரிக்காதீங்க! அல்லாவுக்காக யாரும் சிரிக்காதீங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

சிரிப்பு நின்றது.

"அப்ப உண்மையான தலைவர் யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதத்தான மொத நாள்லருந்து சொல்லிக்கினு இருக்கறோம்" என்றாள் இருசம்மாள். "யாருமில்ல சார். எங்க வவுறுதான் கூட்டிக்கினு வந்துச்சு."

"வண்டில ஏறும்மா" என்றார் அவர் நிஷாவைப் பார்த்து.

ஜீப்பின் படியில் காலை வைத்தபோது அவள் ஜாபரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூட்டத்தின் ஓரத்தில் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றிருந்தார். கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இருசம்மாள் யாரையும் கேட்காமல் ஜீப்பில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜீப் கிளம்பியதும் மற்ற பெண்கள் பின்னாலேயே நடந்து வந்தார்கள்.

ஸ்டேஷனில் யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒரு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். மேஜையடியில் அண்டா கவிழ்ந்து கிடந்தது. அடியில் பிடித்த கரியைக் கூடத் தேய்க்கவில்லை. வாசலில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே இருந்த இருசம்மாள், "தண்ணி குடுங்க சார், தொண்ட காயுது" என்று ஏட்டு சரத்குமாரை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். ஏட்டு தண்ணீர் கொண்டுவந்து நீட்டும்போது நிஷாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் மெதுவாக.

"நேத்து உங்களுக்குப் பயந்தேன் சார்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும்தான்."

பொழுது சாயத் தொடங்கியபோது இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். மகள் பெயரை எங்கும் எழுதவில்லை என்றார். ஆனால் இனி அந்த மைதானத்துப் பக்கம் அவளையோ அவள் வீட்டாரையோ பார்த்தால், இன்றைக்குப் போல அனுப்பிவிட மாட்டோம் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அண்டாவைத் தரவில்லை. அவளும் கேட்கவில்லை.

அங்கிருந்து நேராக சின்னசேலத்துக்கு பஸ் ஏறினாள். ஜாபர் வருகிறேன் என்றார். கடை காலையிலிருந்து பூட்டியே கிடக்கிறது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாள். பஸ் மைதானத்தைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

ரயில் வந்து நின்றது. இறங்குகிற ஒவ்வொருவரையும், நிற்கிற ஒவ்வொருவரையும் அவள் கண் துழாவியது. ஃபரீன் தோளில் பையோடு இறங்கி ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"பாத்தேம்மா. நீ பேசுனத யாரோ புடிச்சுப் போட்டிருக்காங்க. ட்ரெயின் முழுக்க பாத்துக்கினே வந்தேன்."

"யா அல்லா! அழிக்கச் சொல்லு அத!"

"ஊரே பாத்துடுச்சு. எங்கருந்து அழிக்கறது?"

"சரி, வா. நேரா வூட்டுக்குப் போறோம். உன் பேரு எங்கயும் இல்ல, எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டேன். நாளைக்கே காலேஜுக்குக் கெளம்பிடு."

ஃபரீன் கூட நடந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

"வீடியோல உன் பின்னால ஒரு பொம்பள உக்காந்துகினு இருந்தாங்க. கால்ல பெரிய புண்ணு. துணியச் சுத்தி வச்சிருக்காங்க, அது மேல ஈ மொய்க்குது. அப்பிடியே விட்டா கால எடுக்க வேண்டி வரும்மா. பக்கத்துல ஒரு கொழந்தைக்கு இழுப்பு. அங்க மருந்து மாத்திரைன்னு யாராவது பாக்கறாங்களா?"

நிஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குப் புரிந்தது. எந்தக் கூட்டத்திலிருந்து மகளின் பெயரைப் பிய்த்து எடுத்து வந்தாளோ, அதற்குள்ளேயே போக மகள் தன் கையை விடச் சொல்கிறாள்.

"இன்ஸ்பெக்டரு சொல்லி அனுப்பியிருக்காரு, ஃபரீன். உன்னப் பாத்தா விடமாட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல பரீட்சை. எனக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?"

"பேச மாட்டேன், கத்த மாட்டேன். கட்டுப் போட்டுட்டு வந்துடலாம். வேணாம்னு நீ சொன்னா வூட்டுக்கே வர்றேன். நீயே சொல்லு."

மகள் அடம் பிடித்திருந்தால் நிஷா அழுது தடுத்திருப்பாள். ஃபரீன் முடிவை அவள் மடியில் போட்டுவிட்டாள். அந்தப் புண்பட்ட காலை நிஷாவும் காலையில் பார்த்தாள். தாண்டித்தான் போனாள். சிரிக்காதீர்கள் என்று கும்பிட்டுக் கெஞ்சியபோது, சிரிப்பை முதலில் நிறுத்தியவள் அந்தப் பெண்தான்.

"எங்கம்மா எறங்கணும்?" என்று கண்டக்டர் வந்து நின்றார்.

நிஷா சுருக்குப் பையைத் திறந்தாள். மூடினாள். கண்டக்டர் விரலால் கம்பியைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"மைதானம். ரெண்டு குடுப்பா."

மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மைதானம் நெருங்கியது. அடுப்புகளில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் ஒரு ஜீப் நின்றது. அதற்குள் யாராவது இருக்கிறார்களா என்று அந்த மங்கிய வெளிச்சத்தில் தெரியவில்லை.

பஸ் நின்றது. ஃபரீன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நிஷா அவளைப் பின்னால் தள்ளிவிட்டு, துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, முதலில் தான் இறங்கினாள். ஜீப்புக்கும் மகளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்ட பிறகுதான், "ம், எறங்கு" என்றாள்.